பை இல்லாத கங்காரு

டேய் மவனே, முதலில் பிடித்து வைத்திருக்கிற மூச்சை விடு. பாப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை நான் எழுதுகிற இந்த நிமிஷம், என் முழங்காலுக்குப் பக்கத்தில், பாயில், உன் பெண்டாட்டி ஜெயந்தியின் கைக்குள் தூங்குகிறாள். காலையில் டாக்டரம்மா எடை பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், அப்புறம் "இவளுக்கு இனிமே இங்க என்ன வேலை? கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். ஆட்டோக்காரனிடம் குறைமாதப் பிள்ளை என்று சொன்னதுதான் தாமதம், ராயபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து திருவொற்றியூர் வீடு வரைக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நத்தை மாதிரி ஓட்டினான். பின்னால் வந்தவன் எல்லாம் ஆரன் அடித்துத் திட்டினான். ஆட்டோக்காரன் தலையை வெளியே நீட்டி, "கொயந்த கீதுப்பா! கண்ணு தெர்ல?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். பாப்பா அசையவே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம், இறங்கும்போது அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பாவம், பயந்துவிட்டான்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியாயிற்றே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ அழ ஆரம்பிக்கிறாய், உடனே நான் கத்த ஆரம்பிக்கிறேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். உருப்படியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் ஜெயந்தி போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளும் படிப்பாள், படிக்கட்டும். நேற்று நீ சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. "அடுத்த வாரம் வர்றேன் நைனா. ஆனா பாப்பாவ என் கையில மட்டும் குடுக்காத. அதுக்கு மூச்சு நின்னப்ப நான் எங்க இருந்தேன்? தூக்கறதுக்கு எனக்கு இன்னா யோக்கியத கீது?" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். முழுக்கப் படி. நடுவில் அழாதே.

நீ எங்கே இருந்தாய் என்பது எங்களுக்குத் தெரியாதா? பிரசவத்துக்குச் சொன்ன தேதிக்கு நீ ஒழுங்காக லீவு போட்டு டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். அந்த ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணையில் டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டு, விசா புதுப்பித்து வருகிறவரை நாட்டை விட்டு நகர முடியாமல் நீ உட்கார்ந்திருந்தபோது, இங்கே ஜெயந்திக்குத் திடீரென்று பிரஷர் ஏறி, கால் வீங்கி, வலிப்பு வந்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிரும் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். செய்தார்கள். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள், பாப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் போனாள். நான் நடுவில் வராந்தாவில் நின்றேன். இதில் உன் தப்பு எங்கே வருகிறது? பாப்பா அவசரப்பட்டாள். நம் குடும்பத்தில் யார்தான் அவசரப்படாதவர்கள்? உன் அம்மா சோறு வடிக்கும் முன்னால் தட்டு வைக்கிறவள்.

பாப்பாவைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம் என்று சொன்ன அன்று ஒரு சிஸ்டர் வந்தார். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் துறைமுகத்துச் சங்கு மாதிரி. "இந்தப் பாப்பாவோட அப்பா எங்க?" என்றார். "வெளிநாட்ல கீறான் சிஸ்டர்" என்றேன். "ஜெயந்தியோட அம்மா?" இல்லை, ஜெயந்தி சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அவர் போய்விட்டார், அக்காதான் இருக்கிறாள், அவளாலும் ஜெயந்தி பக்கத்தை விட்டு நகர முடியாது என்றேன். "அப்ப அப்பாவைப் பெத்த அம்மா?" உன் அம்மா முந்தியடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள், வார்த்தைக்கு முன்னால் இருமல் வந்தது. ஒரு வாரமாக அவளை ஆட்டிக்கொண்டிருந்த இருமல். சிஸ்டர் கையை நீட்டி, "நீங்க கேட்டுக்கு வெளிய போங்கம்மா, இருமல் போற வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாது" என்று துரத்திவிட்டார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நீங்கதான். சட்டையக் கழட்டுங்க தாத்தா."

"நான் இன்னா சிஸ்டர் தப்பு பண்ணேன்?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. "கங்காரு மாதிரி பாப்பாவ நெஞ்சோட நெஞ்சா வச்சிக்கணும். துணி நடுவுல இருக்கக் கூடாது. உங்க உடம்புச் சூடும் நெஞ்சு அடிக்கிற சத்தமும்தான் அதுக்கு மருந்து" என்றார். சொல்லிக்கொண்டே கிட்டே வந்தவர் மூக்கைச் சுளித்தார். "பீடியா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "அதுவே மூச்சுக்குத் தவிக்குது. நீங்க புகை நாத்தத்தோட வந்து நிக்கிறீங்க. போய்க் குளிங்க. இனிமே அந்தக் கருமத்தத் தொட்டா வாசல்லயே நிறுத்திருவேன்." போனேன். துறைமுகத்துக் கரியும் பீடியும் ஊறிய உடம்பை ஆஸ்பத்திரிக் குழாயடியில் சோப்புத் தீரும் வரை தேய்த்தேன். நகத்தை ஒட்ட வெட்டினேன். கல்யாணத்தில் போட்ட மோதிரம் வரமாட்டேன் என்றது, சோப்பு போட்டு முறுக்கிக் கழற்றினேன். உன் அம்மா எத்தனை வருஷமாகக் கெஞ்சியும் விடாத பீடி அன்றோடு போயிற்று. இதை அவளிடம் சொல்லிக் காட்டாதே, ஏற்கெனவே அவளுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

அப்புறம் ஒரு சாய்வு நாற்காலியில் என்னை உட்கார வைத்து, திரையை இழுத்துவிட்டு, பாப்பாவைக் கொண்டுவந்து நெஞ்சில் கவிழ்த்து வைத்தார்கள். தலையில் குல்லா, காலில் உறை, இடுப்பில் ஒரு துணி, அவ்வளவுதான். கன்னத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கையையும் காலையும் தவளை மாதிரி மடக்கி, என்னையும் அவளையும் சேர்த்து ஒரு நீளத் துணியால் சுற்றிக் கட்டினார்கள். இரண்டு பால் பாக்கெட் கனம்கூட இருக்காது. என் வேலை உனக்குத் தெரியும். கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது கிரேன்காரனுக்குக் கை காட்டுகிறவன் நான். அவன் மேலே கூண்டில் இருப்பான், கீழே கப்பல் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. என் கைதான் அவனுக்குக் கண். தூக்கு, இறக்கு, நில், மெதுவாக, எல்லாம் கைதான், அந்த இரைச்சலில் வாய்க்கு வேலையே இல்லை. எத்தனையோ டன் இரும்பை இந்தக் கையால் அசைத்தவன், அந்த இரண்டு பால் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் வந்து, "தாத்தா, நீங்க மூச்சு விட்டாத்தான் அதுவும் விடும்" என்று அதட்டினார்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டு, "டேய், கங்காருன்னா இன்னாடா? அது எப்டிடா புள்ளய வச்சிக்கும்?" என்று கேட்டேன். நீ ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "நைனா, என் ரூமுக்குப் பின்னால வேலிக்கு அந்தாண்ட ஒரு கூட்டமே நின்னுகினு கீது. பாத்து பாத்துச் சொல்றேன்" என்றாய். மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆனால் நீ பேசிப் பதிந்து அனுப்புகிற குரல் வரும். அங்கே சாயங்காலம், இங்கே நான் பாப்பாவோடு உட்கார்கிற மதியம். சிஸ்டர் போனைத் துடைத்து மேஜைமேல் வைத்து, சத்தத்தைக் குறைத்து, "அப்பா குரலும் கேக்கட்டும்" என்று விட்டுவிடுவார். நானும் உன் மகளும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கங்காருப் பாடம் கேட்டோம். பள்ளிக்கூடத்தில் நான் எதையும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

முதல் நாள் நீ சொன்னதே என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கங்காரு குட்டியை வயிற்றில் சுமப்பது ஏறக்குறைய ஒரு மாதம்தான். அதற்குள் பெற்றுவிடும். பிறக்கிற குட்டி ஒரு மொச்சைக்கொட்டை அளவு. கண் திறந்திருக்காது, உடம்பில் முடி கிடையாது, பின்னங்கால் வெறும் மொட்டு. ஆனால் முன்னங்கை மட்டும் கெட்டியாக இருக்கும். பிறந்த கையோடு அந்த மொச்சைக்கொட்டை தாயின் வயிற்று முடியைப் பிடித்துப் பிடித்து, தானாகவே மேலே ஏறிப் பைக்குள் போய்விடுமாம். தாய் தூக்கிவிடாதாம்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னாடா தாய் அது? ஒரு கை குடுக்கக் கூடாதா?" என்று பதில் அனுப்பினேன். நீ மறுநாள் சொன்னாய்: "கையால புடிச்சா நசுங்கிப் பூடும் நைனா. அவ்ளோ சின்னது. அது பாட்டுக்கு ஏறும், தாய் ஆடாம அசையாம ஒக்காந்துகினு இருக்கும். அதான் அது செய்ற உதவி." அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது. நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் பைக்குள் போன குட்டி காம்பைக் கவ்விக்கொள்ளும், காம்பு அதன் வாய்க்குள் தடித்துப் பிடித்துக்கொள்ளும், மாதக்கணக்கில் விடாது, தாய் எவ்வளவு குதித்தாலும் கழன்று விழாது என்றாய். பையின் வாயைத் தாய் வேண்டும்போது இறுக்கிக்கொள்ளும் என்றாய். இங்கே பாப்பாவுக்கு உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு வரவில்லை, மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் பால் இறங்கிக்கொண்டிருந்தது. நீ சொன்னதைக் கேட்டு அந்தக் குழாயைப் பார்க்கும் பயம் எனக்குக் குறைந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கூட்டத்தில் ஆண்கள் செம்மண் நிறம், பெண்கள் பெரும்பாலும் நம் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் நிறம் என்றும் சொன்னாய். பகலெல்லாம் மர நிழலில் சோம்பிக் கிடக்கும், வெயில் தாழ்ந்தால்தான் புல் மேய எழுந்து வரும், வெக்கை தாங்காவிட்டால் முன்னங்கையை நக்கி நக்கி ஈரமாக்கி உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும் என்றாய். மெதுவாக நடக்கும்போது வாலைத் தரையில் ஊன்றி ஐந்தாவது காலாக வைத்துக்கொள்ளுமாம். அதிக நேரம் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொள்கிற எனக்கு அப்படி ஒரு வால் இருந்தால் தேவலை என்று தோன்றியது.

ஆண் கங்காருவுக்குப் பை கிடையாது என்று நீ சொன்ன நாளில் மட்டும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மாறுவேடப் போட்டிக்கு உன்னைக் கங்காருவாக அனுப்பினோமே, நினைவிருக்கிறதா? உன் அம்மா தன் மஞ்சள் பாவாடையை வெட்டி உன் வயிற்றில் ஒரு பை தைத்தாள். உள்ளே வைக்கப் பொம்மை இல்லை, பக்கத்து வீட்டுப் பூனைக்குட்டியை வைத்து அனுப்பினோம். நீ மேடையில் ஒரு குதி குதித்தாய், பூனை உன் சட்டையைப் பிறாண்டிக்கொண்டு வெளியே பாய்ந்து டீச்சர் மடியில் ஏறியது. பரிசு கிடைக்கவில்லை. நீ வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாய். டீச்சருக்குப் பூனை பிடிக்கவில்லை என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். ஆம்பளைப் பிள்ளைக்குப் பை வைத்ததே தப்பு என்று இப்போதுதான் தெரிகிறது. சிஸ்டரிடம் சொன்னேன். "அப்ப நீங்களும் டூப்ளிகேட் கங்காருதான் தாத்தா" என்றார். அன்றிலிருந்து வார்டில் எனக்கு அதுவே பேராகிவிட்டது.

இனி அந்த நாள். நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது, நிதானமாகப் படி. அதற்கு முந்தின நாள் நீ அனுப்பியதில், நரியோ நாயோ வந்தால் கங்காரு வாயால் கத்தாது, பின்னங்காலால் தரையைத் தொம்மென்று அடிக்கும், அந்த அதிர்வில் மொத்தக் கூட்டமும் தலையைத் தூக்கிவிடும் என்று சொல்லியிருந்தாய். கட்டிலில் உட்கார்ந்து காலால் தட்டியும் காட்டினாய், அந்தச் சத்தம் போனில் கேட்டது. மறுநாள் மதியம் நான் வழக்கம்போல உட்கார்ந்திருந்தேன். சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியில் வேறொரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பாப்பாவின் முதுகு என் கைக்குக் கீழே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று ஏறவில்லை. நான் காத்திருந்தேன். ஏறவில்லை. குனிந்து பார்த்தேன், உதட்டோரம் நீலம் பாய்கிறது.

மவனே, எனக்குக் குரல் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. ஆபத்து என்றால் கையைத் தூக்கித்தான் எனக்குப் பழக்கம். முஷ்டியைத் தூக்கினால் கிரேன் நிற்கும், கப்பல் நிற்கும், எல்லாம் நிற்கும். இப்போது ஒரு கை அவள் புட்டத்துக்குக் கீழே, ஒரு கை அவள் முதுகில். எதை எடுப்பது? எடுத்தால் அவள் சரிந்துவிடுவாள் என்று தோன்றியது. சுமை தொங்கும்போது கை காட்டுகிறவன் கையை விடக் கூடாது, அது எங்கள் வேலையில் முதல் பாடம். அப்போதுதான் என் வலது கால் தரையை அடித்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. தொம், தொம், தொம் என்று அடித்தேன். பக்கத்து இரும்பு ஸ்டூல் ஆடிக் கீழே விழுந்தது. வார்டில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கினார்கள். சிஸ்டர் ஓடி வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். பாப்பாவின் முதுகை அழுத்தித் தேய்த்து, உள்ளங்காலில் விரலால் சுண்டினார், ஒரு தரம், இன்னொரு தரம். பாப்பா வீல் என்று கத்தினாள். அந்த அழுகை மாதிரி ஒரு சங்கீதத்தை நான் கேட்டதே இல்லை. எனக்கும் அப்போதுதான் குரல் வந்தது, நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.

"பயப்படாதீங்க. குறைமாசப் பிள்ளைங்க சில நேரம் மூச்சு விட மறந்துரும். நாமதான் ஞாபகப்படுத்தணும்" என்றார் சிஸ்டர். அப்புறம், "ஏன் தாத்தா, கூப்பிடறத விட்டுட்டு எதுக்குக் காலைத் தட்டினீங்க?" என்று கேட்டார். "கங்காரு அப்டித்தான் பண்ணுமாம் சிஸ்டர். எம் மவன் சொன்னான்" என்றேன். அவர் மேஜைமேல் இருந்த, உன் குரல் வருகிற போனைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், முதல் தடவையாகச் சிரித்தார். உன் மகளுக்கு மூச்சு நின்றபோது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டாயே, என் வலது காலில் இருந்தாய். இதற்குமேல் என்னடா பக்கத்தில் இருக்க வேண்டும்?

நான் செய்த முட்டாள்தனம், அன்றே இதை உனக்குச் சொன்னதுதான். மறைக்கத் தெரியாத வாய். மூச்சு நின்றது என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாய், மற்றதெல்லாம் உன் காதில் ஏறவில்லை. மறுநாள் உன் குரல் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பாப்பா அந்த நேரத்துக்குச் சிணுங்கினாள், நான் பழைய பதிவையே போட்டுக் காட்டிச் சமாளித்தேன். அப்புறம் ஒரு நாள் வந்தது. விடியற்காலையில் வண்டியில் போகும்போது ரோட்டோரம் லாரி அடித்த ஒரு பெண் கங்காரு செத்துக் கிடந்தது என்றாய். கூட வந்தவன் வண்டியை நிறுத்தச் சொன்னானாம், செத்த கங்காருவின் பைக்குள் கை விட்டுப் பார்க்காமல் அந்த ஊரில் யாரும் தாண்டிப் போக மாட்டார்களாம். பார்த்தால் உள்ளே குட்டி, பூனை முடி அளவு முடி முளைத்தது, உயிரோடு. நீ அதைத் தூக்கி உன் சட்டைக்குள் வெறும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, மேலே கோட்டை மூடிக்கொண்டு, அவனை ஓட்டச் சொன்னாய். அநாதைக் கங்காருக்களை வளர்க்கிற ஒரு அம்மாள் வீடு டவுனில் இருக்கிறது, அங்கே போகிறவரை குட்டியின் நெஞ்சு உன் நெஞ்சில் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது என்றாய். அந்த அம்மாள் ஒரு துணிப்பையில் அதைப் போட்டுக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டார், நம்ம வீட்டுத் தூளி மாதிரியே இருந்தது நைனா என்றாய். "எம் புள்ளய விட்டுட்டு எதையோ நெஞ்சுல வச்சிகினு போறேன் பாரு" என்று முடித்தாய்.

அதைத்தான் நீ உன்மேல் குற்றமாகச் சொன்னாய். எனக்குக் கேட்டது வேறு. யாரோ பெற்ற குட்டி, எந்தச் சாதியோ எந்த உயிரோ, அதற்குக் குளிரும் என்று யாரும் சொல்லாமலே சட்டையைத் திறந்து வைத்தாயே! எனக்கு அதைச் செய்ய ஒரு சிஸ்டர் அதட்ட வேண்டியிருந்தது. நீ சின்னவனாக இருக்கும்போது நான் கரியோடு வீட்டுக்கு வருவேன், "தொடாதடா, தொடாதடா" என்று சொல்லிக்கொண்டே குளிக்க ஓடுவேன், நான் குளித்து முடிப்பதற்குள் நீ தூங்கியிருப்பாய். என்னிடம் பார்த்துக் கற்றதல்ல இது. உனக்கு எங்கிருந்தோ தானாக வந்திருக்கிறது. யோக்கியதை பற்றி இனி என்னிடம் பேசினால் விமான நிலையத்திலேயே செருப்பு பிய்யும், சொல்லிவிட்டேன். அந்தக் குட்டி இப்போது புட்டியில் பால் குடிக்கிறது என்று போன வாரம் நீயே போட்டோ அனுப்பினாய். ஜெயந்தி அதைப் பாப்பாவுக்குக் காட்டினாள். "ஒன் அக்காடி" என்றாள்.

ஜெயந்தி எழுந்து உட்கார்ந்த நாளைப் பற்றி உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முகம் வெளுத்து, உதடு வெடித்து, பிள்ளையைப் பார்க்கவே பயந்தாள். "மாமா, இவ்ளோ சின்னதா கீதே, நான் தொட்டா ஒடஞ்சி பூடும்" என்றாள். நீ சொன்னதையே அவளிடம் சொன்னேன். "நீ ஒண்ணுமே செய்ய வேணாம்மா. ஆடாம அசையாம ஒக்காரு. அதுவே ஏறும்." துணியை அவிழ்த்து, பாப்பாவை என் நெஞ்சிலிருந்து எடுத்து அவள் நெஞ்சில் வைத்தார் சிஸ்டர். மவனே, என் நெஞ்சு சில்லென்று ஆகிவிட்டது. சந்தோஷம்தான், ஆனால் கொஞ்சம் பொறாமையும் பட்டேன், மறைப்பானேன். பாப்பா அங்கே கொஞ்ச நேரம் சும்மா கிடந்தாள். அப்புறம் மூக்கால் தேடினாள், கையை வைத்து உந்தினாள், ஒரு நகர்வு, ஒரு ஓய்வு, ஒரு நகர்வு. யாரும் தூக்கிவிடவில்லை. தானாகவே போய்ச் சேர்ந்து வாயை வைத்தாள். சிஸ்டர் மூக்குக் குழாயை ஒரு பார்வை பார்த்தார், "இது இனிமே ரொம்ப நாள் வேணாம்" என்றார். ஜெயந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நான் வெளியே போய், கேட்டில் நின்ற உன் அம்மாவிடம், "ரெண்டும் பொழச்சிகிச்சு" என்றேன். அவள் வடிவுடையம்மன் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். இருமல் இல்லாமல் அழுதாள்.

இன்னும் ஒன்று சொல்லியிருந்தாய், அதைத்தான் இந்த நாட்களில் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். பையில் இருக்கிற குட்டி ஒரே நாளில் வெளியே வந்துவிடாதாம். தலையை நீட்டிப் பார்க்கும், இறங்கும், இலை அசைந்தால்கூடத் தலைகீழாகப் பாய்ந்து உள்ளே போய்விடும். பிறகு வளர்ந்து பை கொள்ளாமல் போனதும் தாய் உள்ளே விடாது. அதற்குள் பையில் அடுத்த மொச்சைக்கொட்டை வந்திருக்கும். ஆனால் பெரிய குட்டி வெளியே நின்றபடி தலையை மட்டும் உள்ளே விட்டுத் தன் பழைய காம்பில் பால் குடிக்குமாம். சின்னதுக்கு ஒரு காம்பில் ஒரு பால், பெரியதுக்குப் பக்கத்துக் காம்பில் வேறு பால், ஒரே தாய் ஒரே நேரத்தில் இரண்டும் சுரக்குமாம். இதை நீ சொன்னபோது சும்மா ஒரு அதிசயமாகச் சொன்னாய். நான் உன்னைத்தான் நினைத்தேன். உனக்கு மகள் பிறந்துவிட்டாள், வீட்டில் எல்லாரும் அவளையே பார்க்கிறோம், வந்தால் உனக்குப் படுக்க இடம்கூட இருக்காது, தூளி கட்டி நடு அறை போய்விட்டது. அதற்காக உனக்கு எதுவும் தீர்ந்துவிடவில்லை. நீ பயந்தால், உனக்கு ஆற்றாமையாக இருந்தால், வெளியே நின்றபடி தலையை உள்ளே விடு. நானும் உன் அம்மாவும் இங்கேதான் இருக்கிறோம்.

வருகிற அன்று நேராக வீட்டுக்கு வா. பொம்மை, சாக்லேட் என்று கடை கடையாய் அலையாதே. வாசலிலேயே உன் அம்மா சுடுதண்ணீர் வைத்திருப்பாள், குளி. நகம் வெட்டு. மோதிரத்தைக் கழற்று, வராவிட்டால் சோப்பு போடு. சட்டை போடாமல் சுவரில் சாய்ந்து உட்கார். ஜெயந்தி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவாள். நான் உனக்கு எதிரே நின்று அவளுக்குக் கை காட்டுவேன். இறக்கு, மெதுவாக, இன்னும் மெதுவாக, அந்தக் கடைசி ஒரு சாண் இன்னும் மெதுவாக. நீ ஒன்றும் செய்ய வேண்டாம், ஆடாமல் அசையாமல் இரு. உன் மகள் உன் நெஞ்சில் பத்திரமாக உட்கார்ந்துவிட்டாள் என்று என் கண்ணால் பார்க்கிற வரைக்கும் நான் கையை இறக்க மாட்டேன்.

உன் நைனா